தலைகீழாகத் தொங்கிய தேவதை

யார் வீட்டுக்குப் போனாலும் கண்ணாடி அக்காவின் கண் முதலில் சுவருக்குத்தான் போகும். தான் எடுத்த படம் அங்கே தொங்கினால் போதும், "எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு விரலால் சட்டத்தைத் தட்டி நேராக்கிவிடுவார். நேராகவே இருக்கும் படத்தையும் ஒருமுறை கோணலாக்கி நேராக்கினால்தான் அவருக்குத் திருப்தி.

பழைய தேவாலயமோ மாளிகையோ, வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது என்று காதில் விழுந்தால் கேமராவும் கையுமாகக் கிளம்பிவிடுவார். எடுத்ததைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து, சுவரில் மாட்டக் கொடுப்பது தொழில். 'கண்ணாடி' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டதும் அதனால்தான். "வெயில் நேரா அடிச்சா கண்ணாடி வெளுத்துப்போயிடும். வெள்ளை மேகம் போடணும், அப்பதான் நீலம் நீலமா இருக்கும்" என்பார். கீழே நின்று எடுத்தால் ஜன்னலின் மேல் பக்கம் குறுகிவிடும். அதனால் காவலாளிகளிடம் தேன் ஒழுகப் பேசி ஏணி வாங்குவார். ஏறி நின்றதும் தேனெல்லாம் வற்றிவிடும். "அண்ணே, லைட்ட அணைங்க! குறுக்க யாரும் போகாதீங்க!"

விளக்கேந்திய தேவதையின் படம் அவருக்கு உயிர். மேகத்துக்காகப் பதினொரு நாள் காத்துக் கிடந்து எடுத்தது. பல் டாக்டரம்மா ஆசைப்பட்டுக் கேட்டதால் மனசே இல்லாமல் கொடுத்தார்.

போன வாரம் அந்த டாக்டரம்மாவிடம் பல் பிடுங்கிக்கொண்டு வந்த அக்காவின் கணவர், வாயில் பஞ்சோடு சொன்னார்: "உன் தேவதைய அங்க தலைகீழா மாட்டி வெச்சிருக்காங்க."

அக்காவுக்கு அவமானமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. அதை நிமிர்த்தாமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டார். ஆனால் பல் டாக்டரின் நாற்காலி என்றாலே அவர் பத்தடி தள்ளி நிற்பார். இரண்டு வருஷமாக வலிக்கும் கடைவாய்ப் பல்லுக்குப் பயந்து மறுபக்கமாகவே மென்று காலம் தள்ளுகிறவர். இப்போது அந்தப் பல்லையே சாக்காக வைத்துக்கொண்டு போனார்.

டாக்டரம்மா கை கழுவ உள்ளே போனதுதான் தாமதம். நாற்காலிக்குப் பின்னால் இருந்த சுவரை நோக்கி முக்காலியை நகர்த்தி, ஏறி, படத்தைக் கழற்றி நிமிர்த்தி மாட்டினார். கீழ்ச் சட்டத்தில் புதிதாக ஒரு கொக்கி அடித்திருந்தார்கள். தெரியாமல் செய்த வேலை இல்லை என்று அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஒன்றும் தெரியாதவர் போல நாற்காலியில் வந்து சாய்ந்துகொண்டார்.

டாக்டரம்மா நாற்காலியை நன்றாகப் படுக்க வைத்து, வாயில் கண்ணாடியும் குழாயும் வைத்தார். "பயமா இருந்தா தலைய நல்லா அண்ணாந்து பின்சுவரப் பாருங்கக்கா."

அக்கா அண்ணாந்து பார்த்தார். தேவதை தலைகீழாகத் தொங்கினாள்.

"ஐயோ, யாரு இத மாத்தினது?" என்று டாக்டரம்மா பதறினார். "படுத்துப் பாக்கறவங்களுக்கு நேராத் தெரியணும்னுதானே மெனக்கெட்டு இப்படி மாட்டினேன்! ஊசியப் பாத்து நடுங்கறவங்க எல்லாம் இவளத்தான்க்கா பாத்துக்கிட்டே இருப்பாங்க."

வாய் நிறைய சாமான். பேச வழியில்லை. நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருந்த வலது கையை மட்டும் விடுவித்து, ஆள்காட்டி விரலால் காற்றில் அரை வட்டம் போட்டுக் காட்டினார் அக்கா.