நாலாம் நம்பரின் கல்

மில்சியாதெஸ் அண்ணனைப் போலத் திருப்தியான மனிதரை நான் பார்த்ததில்லை. அதனாலேயே பல நாள் அவர்மேல் எரிச்சலாக வந்திருக்கிறது. காலையில் பிசைந்த வாழைக்காயும் பொரித்த முட்டையும் தின்றுவிட்டு ஸ்டாண்டுக்கு வருவார். மழை பெய்தால் "மழை நல்லது" என்பார். வெயிலடித்தால் "துணி காயும்" என்பார். டோமினோவில் தோற்றால் ஜெயித்தவனைவிடச் சத்தமாகச் சிரிப்பார். இப்படி ஒருத்தரோடு தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது என்னைப் போன்ற சிடுமூஞ்சிக்கு லேசுப்பட்ட காரியமில்லை.

எங்கள் மலையூர் ஓகோவாவில் தலைநகர் பஸ் வந்து நிற்கும் சரிவில்தான் எங்கள் ஸ்டாண்டு. பதினோரு பேர், பதினோரு வாடகை மோட்டார் சைக்கிள், முதுகில் நம்பர் போட்ட பதினோரு மஞ்சள் மேலங்கி. நான் ஒன்பது, அண்ணன் நாலு. ஒன்றாம் நம்பர் எங்கள் தலைவன் ரதாமேஸ். அண்ணன் அந்த நாலைப் போட்டு இருபத்தாறு வருஷமாகிறது. தேவாலயத்துக்குப் போனாலும் கழற்ற மாட்டார். அவர் மனைவி கோன்ஃபே அதை வாரம் ஒருமுறை துவைத்து, நம்பர் வெளுத்துப் போகாமல் நிழலில் காயப்போடுவாள்.

அண்ணனுக்கு வயது ஐம்பத்தெட்டு, வண்டிக்கு முப்பத்துமூன்று. பழைய ஜப்பான் வண்டி, நூற்றைம்பது சிசி. ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் பின்சீட்டில் குயிராவைக் கட்டிக்கொண்டு கல்யாண வீடுகளுக்கு வாசிக்கப் போவார். குயிரா என்பது தகரத்தில் செய்த குழல். முள்கம்பியால் சுரண்டினால் சரசரவென்று தாளம் வரும், அது இல்லாமல் எங்கள் ஊரில் யாரும் ஆட மாட்டார்கள். நாற்பது வருஷம் அதைச் சுரண்டிய காது அவருடையது.

போன ஆகஸ்டில் அந்த வண்டிக்குள்ளேயே யாரோ குயிரா வாசிக்க ஆரம்பித்தார்கள். இடப்பக்கம் இன்ஜினிலிருந்து சரசரவென்று சத்தம். உடனே ஸ்டாண்டில் ஆளாளுக்கு வைத்தியராகிவிட்டார்கள். வால்வு லூஸ் என்றான் ஒருவன். கெட்டி ஆயில் ஊற்று, அமுங்கிவிடும் என்றேன் நான். அண்ணனும் ஊற்றினார். நாலாம் நாள், டீச்சர் ஒருத்தியையும் அவள் மடியில் பிறந்தநாள் கேக்கையும் வைத்துக்கொண்டு மலையேறும்போது பாதி வழியில் வண்டி செத்தது. கேம் செயின் ஒரு பல் தாண்டியிருந்தது. இன்ஜினுக்குள் கீழிருந்து மேலே ஓடி வால்வுகளைத் திறந்து மூடும் செயின் அது. தொய்ந்து பல் தாண்டினால் வால்வு ஒரு பக்கம் போகும், பிஸ்டன் ஒரு பக்கம் போகும்.

செயினையும், அதைத் தொய்யவிடாமல் அமுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றினார்கள். அக்டோபரில் மறுபடி அதே சத்தம், அதே மலை, அதே சாவு. இந்தத் தடவை வால்வே வளைந்துவிட்டது.

எங்கள் ஸ்டாண்டில் ஒரு சட்டம் உண்டு. சவாரியைப் பாதி வழியில் விட்டால் சுவரில் ஒரு கரிக்கோடு. மூன்று கோடு விழுந்தால் மேலங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். ஜனவரி இருபத்தொன்று, அல்தகிரேசியா மாதா திருநாளுக்குச் சுவருக்கு வெள்ளையடிக்கும்போது எல்லார் கோடும் அழியும். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று கோடு போடுகிற வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள். அண்ணனுக்கு இரண்டாவது கோடு போட்டபோது எனக்குக் கை கூசியது. கூசியும் போட்டேன்.

"இன்னும் ஒண்ணுதாண்ணே பாக்கி" என்றான் ரதாமேஸ். "பழைய வண்டிய வித்துட்டுப் புதுசு எடுங்க. என்னுதப் பாருங்க, ரெண்டு வருசம், ஒரு ஸ்பேனர் பட்டதில்ல."

"இதுக்கு என் பாட்டு எல்லாம் தெரியும்டா. புதுசுக்கு முதல்லேருந்து சொல்லிக்குடுக்கணும்" என்றார் அண்ணன்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று மதியம் டோமினோவில் ஜெயித்துவிட்டுச் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

வண்டி சரியாகி வந்த வாரத்தில் அவர் காதால் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமை நாற்பது கிலோமீட்டர் போய் வாசித்துவிட்டு வந்தால் வண்டி பூனைபோல இருக்கிறது. திங்கள் மதியத்துக்குள் லேசாகச் சரசரக்கிறது. மலை ஏறியதாலா? ஞாயிறும்தான் மலை ஏறினார். அப்படியென்றால் ஸ்டாண்டில் என்ன நடக்கிறது?

ஸ்டாண்டில் நடப்பது இதுதான். பஸ் நிற்பது சரிவின் அடியில். போக வேண்டிய ஊர்களெல்லாம் மேலே. அதனால் வண்டிகள் மேலே பார்த்து நிற்கும், வரிசையின் முதல் ஆள் அடியில் இருப்பான். அவன் சவாரியோடு எங்களைத் தாண்டி மேலே போனதும், மீதிப் பேர் ஒரு வண்டி தூரம் பின்னால் உருளுவோம். பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினைப் போடுவதில்லை. பிரேக்கும் பிடிப்பதில்லை, அது மானப் பிரச்சினை. முதல் கியரில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு உருண்டு, இடம் வந்ததும் கிளட்சைப் பட்டென்று விடுவோம். டக்! வண்டி குலுங்கி நிற்கும். பத்து வண்டியும் வரிசையாக டக், டக், டக் என்று நின்றால் கேட்கச் சுகமாக இருக்கும். அப்படியே கியரில் விட்டுவிட்டு, இன்ஜின்மேல் பாரத்தைப் போட்டு, சீட்டில் உட்கார்ந்து டோமினோ ஆடுவோம். ஒரு நாளைக்கு நூறு டக்காவது வரும்.

ஒரு புதன்கிழமை அந்த டக்குக்கு அடியில் அண்ணன் இன்னொரு சத்தத்தைக் கேட்டார். மெல்லிசாக ஒரு சரக். நேரே மெக்கானிக்கிடம் போய் மூடியைக் கழற்றச் சொன்னார். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். இன்ஜினைக் கையால் முன்பக்கமாகத் திருப்பினால் செயினின் பின்பாதியில்தான் தொய்வு வருகிறது. அங்கே டென்ஷனர், முதுகில் கை வைத்துத் தள்ளுகிற ஆள்போல, தொய்வை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பின்பக்கமாகத் திருப்பினால் எல்லாம் தலைகீழ். இழுவை முழுக்க டென்ஷனர்மேல் விழுந்து அதையே உள்ளே தள்ளுகிறது. தொய்வு முன்பாதிக்குப் போய்விடுகிறது, அங்கே பிடிக்க ஆளில்லை. அக்டோபரில் புதிதாகப் போட்ட டென்ஷனரின் பற்கள் அதற்குள் மழுங்கியிருந்தன.

அண்ணன் அதைக் கையில் புரட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நாம வண்டிய ஓட்டிக் கெடுக்கலடா எலிஹியோ. நிறுத்திக் கெடுத்துருக்கோம்."

மறுநாள் புது டென்ஷனர் போட்ட வண்டியின் பின்சீட்டில் குயிராவுக்குப் பதில் ஒரு கல் இருந்தது. ஆற்றிலிருந்து எடுத்த, தேங்காய் அளவுக் கல். வரிசை நகரும்போது அவர் இறங்குவார். நியூட்ரலில் போடுவார். முன்பிரேக்கைப் பிடித்துப் பிடித்து வண்டியைக் கையால் பின்னுக்கு இறக்குவார். பின்சக்கரத்துக்குப் பின்னால் முட்டாகக் கல்லை வைப்பார். பிறகு ஏறி உட்காருவார். நாங்கள் டக் டக் என்று முடித்துவிட்டுக் காத்திருப்போம்.

சும்மா விடுவோமா? "கல்லுக்குக் காப்பி சொல்லட்டுமாண்ணே?", "கல்லுக்குப் பேரு வச்சாச்சா?", "கோன்ஃபே அக்கா இதக் கொண்டுதான் உங்கள அடிக்கும்னு கேள்விப்பட்டோமே!" கோன்ஃபேயே ஒருநாள் மதியச் சாப்பாடு கொண்டுவந்தவள் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள்.

"ஏய்யா, கல்யாணமான புதுசுல என்னையக்கூட இப்பிடித் தாங்குனதில்லயே நீ!"

"நீ சரிவுல நின்னதில்லயேம்மா" என்றார்.

அதிகமாகச் சிரித்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ரதாமேஸ் சிரிக்கவில்லை. வரிசை தாமதமாகிறது, ஸ்டாண்டு மானம் போகிறது என்று முணுமுணுத்தான். அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினார், அதுவும் வண்டிக்கு விதித்த பதத்தில், என் கெட்டி ஆயில் இல்லாமல். தினமும் காலையில் இன்ஜின் சூடாவதற்கு முன் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கேட்டார். நவம்பர் போனது. டிசம்பர் போனது.

ஜனவரி பதினேழாம் தேதி. வெள்ளையடிக்க நாலே நாள். வரிசையின் அடியில் ரதாமேஸ், அவனுக்கு மேலே அண்ணன், அடுத்து நான். பஸ்ஸிலிருந்து இறங்கியது ரதாமேஸின் மாமியார் ஆர்ஹெந்தினா அம்மாள். நூறு கிலோ உடம்பு, ஒரு மூட்டை துவரை, கையில் கால் கட்டிய கோழி. மாமியார் பார்க்கிறாளே என்று ரதாமேஸ் சவாரி ஏறும் இடத்துக்கு வேகமாக உருண்டு கிளட்சை விட்டான் பாருங்கள், டக்! சரிவே அதிர்ந்தது. உள்ளே சரக் என்றது எனக்கே கேட்டது. அண்ணன் தலையைத் திருப்பினார். மூன்றாம் உதையில் வண்டி கிளம்பி, இருமிக்கொண்டே எங்களைத் தாண்டி மேலே போய், மருந்துக்கடை வளைவில் நின்றது. நின்றது நின்றதுதான்.

வழியில் விட்ட சவாரியை அடுத்த ஆள் ஏற்ற வேண்டும். அடுத்த ஆள் அண்ணன். அந்த அம்மாள், அந்த மூட்டை, அந்த மலை. வண்டி திணறினால் மூன்றாவது கோடு. நான் அவர் காதோரம் குனிந்தேன்.

"அண்ணே, வயித்து வலின்னு சொல்லிருங்க. நான் போறேன்."

"வயிறு நல்லாத்தானடா இருக்கு" என்றார். குனிந்து கல்லை எடுத்து ஓரமாக வைத்தார். இன்ஜினைப் போட்டு, கண்ணை மூடி ஒரு நொடி கேட்டார். போய்விட்டார்.

நாங்கள் பத்துப் பேரும் டோமினோவைத் தொடவில்லை. ரதாமேஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றான். முக்கால் மணி நேரம் கழித்து மேலே வளைவில் சத்தம் கேட்டது. அண்ணனின் காது வாய்க்காத எனக்கே தெரிந்தது, சரசரப்பு இல்லை. அண்ணன் வந்து இறங்கி, கல்லை வைத்து, கோழி இறகைச் சட்டையிலிருந்து தட்டிவிட்டார்.

"உன் மாமியார் சொல்லச் சொன்னாங்கடா ரதாமேஸ். புதுவண்டி மருமகன் நடுத்தெருவுல விட்டான், பழையவண்டிக்காரன் வாசல்ல விட்டான்னு. அவங்களுக்குக் கோபமில்ல, கோழி மட்டும் கோபமா இருக்கு."

எல்லாரும் சிரித்தோம். ரதாமேஸ் சிரிக்காமல் கரித்துண்டை எடுத்து என் கையில் கொடுத்தான்.

"ஒம்போது, எம்பேருக்கு ஒரு கோடு போடு."

போட்டேன். பிறகு அவன் அண்ணன் பக்கம் திரும்பினான். தலைவனாக இருந்து பழகிய கழுத்து, திரும்பவே சிரமப்பட்டது.

"அந்தக் கல்லு… ஆத்துல எந்த எடத்துலண்ணே எடுத்தீங்க?"

இருபத்தொன்றாம் தேதி சுவருக்கு வெள்ளையடித்தோம். அண்ணனின் இரண்டு கோட்டையும் நானே அடித்து மறைத்தேன். ஒரு கோட்டுக்கு இரண்டு பூச்சு, எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றாவதும் அடித்தேன். அந்த ஐந்து மாதத்தில் அன்றுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. வாளியில் சுண்ணாம்பு மிச்சமிருந்தது. கீழே சரிவில் பதினோரு சக்கரங்களுக்குப் பின்னால் பதினோரு கற்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்து, கரியால் நம்பர் எழுதினேன். நாலாம் நம்பரை மட்டும் கொஞ்சம் பெரிதாக.

அண்ணன் மேலங்கியைச் சரிசெய்துகொண்டு, கல்லைக் குனிந்து பார்த்தார்.

"எழுத்து நல்லாருக்குடா. இத நிழல்ல காயப்போடு."