கெப் கடற்கரைக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில், ரிச்சர்ட்சன் நகரில் நான் வேலைக்குப் போகும் வழியில் ஒரு டோனட் கடை இருந்தது. அதை நடத்திய பெண்மணி என்னை மெக்சிகோக்காரன் என்று எண்ணி, தினமும் காலையில் 'புவேனோஸ் தியாஸ்' என்று ஸ்பானிஷில் வணக்கம் சொல்வார். அவரைச் சீனர் என்று நினைத்த நான் 'நீ ஹாவ்' என்று சீனத்தில் பதில் வணக்கம் வைப்பேன். இப்படி ஒருவருக்கொருவர் அந்நிய பாஷையில் மரியாதை செய்தே ஒரு வருடம் ஓடியது. பிறகுதான் தெரிந்தது, அவர் பெயர் போபா. ஊர் கம்போடியாவின் தென்கரையிலுள்ள கெப்.

எங்கள் தமிழ்ச் சங்கப் பொங்கல் மலரில் பயணக் கட்டுரை என் பொறுப்பு. கிரீன் கார்டு கைக்கு வரும்வரை நாட்டைவிட்டு நகரப் பயந்தவன் நான். ஆகவே போகாத ஊர்களைப் பற்றி எழுதுவதில் பெயர் வாங்கியிருந்தேன். அந்த வருடம் கெப் சிக்கியது. பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய கடலோர பங்களாக்கள், இப்போது கூரையில்லாமல் உள்ளே மரம் வளர்ந்து நிற்பதாகப் போபா சொன்னார். பச்சை மிளகு போட்டு வதக்கிய நண்டு, பக்கத்து ஊரான கம்போட்டின் மிளகுத் தோட்டங்கள், படகேறிப் போகும் முயல் தீவு. எல்லாவற்றையும் டோனட் சுற்றும் காகிதத்தில் குறித்துக்கொண்டேன்.

"அந்தப் பக்கம் எத்தனை நாள் இருக்கலாம்?" என்று என் ஆங்கிலத்தில் கேட்டேன். எத்தனை நாள் இருந்தாய் என்று அவர் காதில் விழுந்திருக்கிறது.

"மூன்று வருடம், எட்டு மாதம், இருபது நாள்."

"அவ்வளவு லீவு யார் தருவார்கள்?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. அவர் சொன்னது, ஊர்களைக் காலிசெய்து எல்லோரையும் வயலுக்கு விரட்டிய ஆட்சி அங்கே நீடித்த காலம். நண்டு பிடித்துப் பிழைத்த அவருடைய அப்பாவை ஒருநாள் கூட்டத்துக்கென்று அழைத்துப் போனார்கள், திரும்பவில்லை. "அவர் பெயர் சாருன். எங்கேயும் எழுதப்படவில்லை. நீ எழுது" என்றார்.

எழுதினேன். மலர் ஆசிரியர் செல்வராஜ் போன் செய்தார்.

"பாஸ், ஆர்ட்டிகிள் சூப்பர். ஆனா பொங்கல் மலர்ல டெத் எல்லாம் வேணாமே. அந்தப் பாராவ டெலீட் பண்ணிட்டு சோழன் கனெக்‌ஷன் ஒண்ணு ஆட் பண்ணிடறேன்."

"சோழனுக்கும் கெப்புக்கும் என்னங்க சம்பந்தம்?"

"கப்பல் நின்னிருக்கலாம்னு போடுவோம். நிக்கலைன்னு யாரு ப்ரூவ் பண்ணப் போறா?"

சரி என்றேன். கட்டுரையோடு போட எந்தப் புகைப்படத்தில் என் முகம் எடுப்பாக இருக்கிறது என்பதுதான் அப்போது எனக்குப் பெரிய கவலை.

மலர் வந்ததும் போபாவிடம் ஒரு பிரதி கொடுத்தேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். தமிழெழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், "இதில் அப்பா எங்கே?" என்றார்.

என் விரல் போய் ஒரு வரியில் நின்றது. அது செல்வராஜின் சோழன் வரி. போபா சிவப்புப் பேனாவால் அதை அடிக்கோடிட்டு, பக்கத்தைக் கல்லாவுக்கு மேலே ஒட்டினார்.

இப்போது அந்தக் கடைக்குத் தமிழர்கள் நிறைய வருகிறார்கள். அடிக்கோடிட்ட வரியைப் படித்துவிட்டு, "அட, நம்ம ஆளு!" என்று நெஞ்சை நிமிர்த்தி அதை நோக்கிக் கும்பிடுகிறார்கள். போபா கண்கலங்கிப் பதிலுக்குக் கைகூப்புகிறார்.