துண்டின் நான்காவது முனை

காஸ்பருக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆனாலும் செஞ்சியில் அவனைப்போல ஒழுங்காக வேலை பார்க்கிற நிலத்தரகன் இல்லை என்று அவனைப் பிடிக்காதவர்களே ஒப்புக்கொள்வார்கள். எல்லாம் அவன் தோள்துண்டின் மகிமை. காலையில் கிளம்பும்போதே துண்டின் முனைகளில் முடிச்சுப் போட்டுக்கொள்வான். வல்லத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போட்ட கொல்லைக்கு ஆள் கூட்டிப்போக ஒரு முடிச்சு. அனந்தபுரத்துப் பங்காளிகளைக் கையெழுத்துக்குச் சம்மதிக்க வைக்க இன்னொன்று. வேலை முடிந்த இடத்திலேயே அதை அவிழ்த்துவிடுவான். பொழுது சாய்ந்து வீட்டுக்கு வரும்போது துண்டில் முடிச்சு ஏதும் இருக்கக்கூடாது. இருந்தால் அவனுக்குச் சோறு இறங்காது.

மனைவி இருதயமேரி காய்ச்சலில் போனபிறகு நான்காவது முனையை மகளுக்கென்று ஒதுக்கினான். ராயம்மாளுக்கு ரிப்பன், சிலேட்டுக் குச்சி, ஒழுகுகிற கூரைக்கு ஓலை, எல்லாம் அந்த முனையில்தான். நல்ல ஏற்பாடுதான், யார் இல்லையென்றது? ஆனால் யுத்தம் முடிந்து, மல்லாட்டையில் காசு பார்த்தவர்கள் எல்லாம் நிலம் நிலம் என்று பறக்க ஆரம்பித்ததும், மற்ற மூன்று முனைகளும் அவிழ்ந்து வர, நான்காவது மட்டும் போன மாதிரியே திரும்பி வந்தது. ராயம்மாள் சண்டை போடமாட்டாள். லேசாகத் தளர்ந்திருக்கிற முடிச்சை இழுத்து இறுக்கிவிட்டு, "நாளைக்கு வாங்கிக்கினு வா நைனா" என்பாள். அவள் சண்டை போட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வருஷம் தேவநற்கருணைத் திருநாளில் ராயம்மாளுக்குப் புதுநன்மை. பூசையில் சாமியார் நாவில் வைக்கும் அப்பமான நன்மையை முதல்முறையாக வாங்கப்போகிறாள். பிள்ளைக்குப் பின்னால் பெற்றவர்களில் ஒருவர் மெழுகுவத்தி ஏற்றிப் பிடித்து நிற்கவேண்டும் என்பது அவர்கள் கோவில் வழக்கம். தாய் இல்லாத பிள்ளைக்குத் தகப்பன்தானே நிற்கவேண்டும்? "நிப்பியா நைனா?" என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் சாமியாரிடம் செய்த தப்பையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்து, இனிமேல் பூசை முடிகிறவரை ஒரு பாவமும் செய்யக்கூடாது என்று வாயைக்கூட அளந்துதான் திறந்தாள்.

அன்றைக்குப் பார்த்து, நிலம் வாங்க அலைகிற அனந்தபுரம் ராஜாராமிடமிருந்து ஆள் வந்தது. மறுநாள் விடியற்காலை சிங்கவரத்தில் தனகோட்டி விற்கிற நிலத்தின் கிணற்றைப் பார்க்க வருகிறாராம். அப்போது முடியாதென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்வாராம். காஸ்பர் மனதுக்குள் கணக்குப் போட்டான். விடியலில் சைக்கிளை மிதித்தால் கிணற்றைக் காட்டிவிட்டு மணி அடிக்குமுன் கோவிலுக்கு வந்துவிடலாம். மகள் எதிரிலேயே நான்காவது முனையில் முடிச்சுப் போட்டான். அவள் அதைப் பல்லால் கடித்து இறுக்கினாள்.

கிணறு ராஜாராமுக்குப் பிடித்துப்போயிற்று. அதுதான் வினை. பிடிக்காமல் போயிருந்தால் காஸ்பர் நேரத்துக்குத் திரும்பியிருப்பான். "இப்பவே விலையப் பேசி முடிச்சுடலாம்" என்றார் அவர். மாட்டுச் சந்தையில் செய்வதுபோல துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது காஸ்பரின் பாணி. சுற்றி நிற்கிறவர்களுக்கு விலை தெரியாது, வாய் வார்த்தையால் மனஸ்தாபமும் வராது. இதற்குத் தன் துண்டை மட்டும் அவன் எடுக்கவே மாட்டான். விற்கிறவன் துண்டைத்தான் வாங்குவான். அன்றைக்குத் தனகோட்டி மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்துவிட்டு வந்திருந்தான். அவன் துண்டு சேறும் தண்ணீருமாக இருந்தது. காஸ்பர் தன் துண்டை உதறி ராஜாராமின் கைமேல் போட்டான்.

விலை நெருங்கிக்கொண்டே வந்தது. அவர் ஒரு விரலை மடக்குவார், இவன் ஒன்றை நீட்டுவான். அப்போதுதான் காற்றில் கோவில் மணி கேட்டது. அதே நேரத்தில் துண்டுக்கடியில் அவன் விரல்களுக்கு நடுவில் அந்த முடிச்சு வந்து நின்றது. ராயம்மாளின் பல் பட்ட ஈரம் காய்ந்து, கெட்டியாக இருந்தது.

"இன்னாய்யா அது, கையில குத்துது?" என்றார் ராஜாராம்.

"ஒண்ணுமில்லீங்க" என்றான் காஸ்பர். நகத்தால் நெம்பி அவிழ்த்துவிட்டான்.

பேரம் படிந்தது. வெற்றிலை மாற்றினார்கள். மறுநாள் காலையிலேயே வல்லத்தில் இன்னொரு துண்டு நிலத்தையும் காட்டச் சொன்னார் ராஜாராம். காஸ்பர் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது கோவில் வாசலில் ஈ காக்கை இல்லை. தோரணம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு அருளம்மாள் நின்றிருந்தாள். பூமுடி கட்டிக்கொடுத்து, வெள்ளைப் பாவாடை தைத்து, பிள்ளையைக் கோவிலுக்குக் கூட்டிப்போனவள் அவள்தான். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"உம் பொண்ணு நன்மை வாங்கல தம்பி. வரிசையில முட்டி போட்டிருந்துச்சு, திடீர்னு எழுந்து வந்துடுச்சு. நன்மைக்காக ராத்திரியிலேர்ந்து பட்டினி. கஞ்சி குடுத்தாலும் தொடமாட்டேங்குது. உன்னையே கேக்குது."

உள்ளே ராயம்மாள் பூமுடியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஏற்றாத மெழுகுவத்தி. உதடு காய்ந்து வெடித்திருந்தது.  காஸ்பரின் வாய் தரகன் வாயாயிற்றே, அது முந்திக்கொண்டது.

"மறந்துட்டேம்மா. முடிச்சு அவுந்து போச்சு, நைனா சுத்தமா மறந்துட்டேன்."

"எனக்குத் தெரியும் நைனா" என்றாள் அவள் உடனே. "அவுந்துதான் போயிருக்கும்னு நெனச்சேன்."

"ஏம்மா நன்மை வாங்கல? அருளம்மா பின்னாடி நின்னிருக்குமே?"

அவள் மெழுகுவத்தியை உருட்டிக்கொண்டே சொன்னாள். "சாமியாரு வந்து உங்கப்பன் எங்கேன்னு கேட்டாரு. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. உன்ன ஏதாச்சும் சொல்லிடுவாங்கன்னு, நைனாவுக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டேன். அப்புறந்தான் தெரிஞ்சுது, அது பொய்யாச்சே. பொய் சொன்ன வாயில நன்மை எப்படி வாங்குறது? அதான் எழுந்துட்டேன்." பிறகு, "நீ வந்ததும் போயி பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வாங்கிக்கலாம்னுதான் நான் தண்ணிகூடக் குடிக்கல" என்றாள்.

 காஸ்பருக்காக ஒரு பொய் சொன்ன பிள்ளை அந்தப் பொய்க்காகப் புதுநன்மையையே விட்டுவிட்டு வந்திருக்கிறது. அவனோ வீட்டுக்குள் நுழைந்ததுமே ஒரு பொய்யைச் சொல்லி முடித்துவிட்டான். அதை அவள் நம்பியும்விட்டாள். விட்டுவிட்டால் தீர்ந்தது. மறதி என்றால் யார் கோபிப்பார்கள்? வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

"மறக்கலம்மா. மணி கேட்டுச்சு. முடிச்சு கையில தட்டுச்சு. தெரிஞ்சுதான் அவுத்தேன்."

ராயம்மாள் அவன் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தாள். காலையிலிருந்து அழாதவளுக்கு இப்போது கண் நிறைந்து வழிந்தது.

"மறந்துட்டேன்னே சொல்லியிருக்கலாம் நைனா" என்றாள்.

காஸ்பர் கஞ்சியை எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனான். அவள் முகத்தைத் திருப்பவில்லை, ஆனால் அவனைப் பார்க்கவும் இல்லை. குடித்து முடித்ததும் இருவரும் சாமியாரைப் பார்க்கக் கிளம்பினார்கள். மறுநாள் காலைப் பூசையில் அவள் நன்மை வாங்கினாள். மெழுகுவத்தியோடு பின்னால் அவன் நின்றான். வல்லத்தில் ராஜாராம் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு தரகனைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகும் காஸ்பர் தினமும் நான்காவது முனையில் முடிச்சுப் போட்டான், அந்தக் காரியத்தை முடித்து, வீடு திரும்புமுன் அவிழ்க்கவும் செய்தான். ராயம்மாள்தான் அதை மறுபடி ஒருநாளும் இறுக்கிவிடவில்லை.