பூட்டுக்கு ஒரு விரல்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, பழைய போன் விற்கும் கடையில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் போன் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டார். கைரேகைப் பூட்டு மட்டும் போட வேண்டும்.

"லயத்து வரிச வீடுங்கள்ல புள்ளைங்க எல்லாம் எடுத்து நோண்டும்ங்க. பூட்டு இல்லாம வேணாம்" என்கிறார் கடைக்காரரிடம்.

வலது கட்டைவிரலை வைக்கிறார். ஏற்கவில்லை. சேலையில் துடைத்துவிட்டு ஆள்காட்டி விரலை வைக்கிறார். அதுவும் இல்லை. போன்தான் பழுது என்று நான் முடிவே கட்டிவிடுகிறேன். கடைக்காரர் சோதித்துப் பார்க்க என் விரலைக் கேட்கிறார். வைத்ததும் ஏற்றுக்கொள்கிறது.

அக்காவின் விரல்களை அப்போதுதான் சரியாகப் பார்க்கிறேன். தேயிலைக் கறை ஏறிக் கறுத்திருக்கின்றன. ரேகை இருக்க வேண்டிய இடம் ஆற்றுக் கூழாங்கல் போல வழுவழுவென்று இருக்கிறது.

அவர் கொஞ்சமும் கலங்காமல் இடது கைச் சுண்டுவிரலை நீட்டுகிறார்.

"இதுக்குக் கொழுந்து பறிக்கிற வேல இல்லீங்க."

போன் அந்த விரலை ஏற்றுக்கொள்கிறது. கடைக்காரர் என் ரேகையை அழிக்கிறார். அதற்குத் திரையில் ஒரு தட்டல் போதுமாயிருக்கிறது. அக்காவின் ரேகையை அழிக்க ஒரு தேயிலை மலையே தேவைப்பட்டிருக்கிறது.