இரண்டாம் நடைமேடையில் நான் எடுத்த வீடியோ

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் எங்கள் ஊர் ஸ்டேஷனில் கால் வைக்க இடம் இருக்காது. மலையைச் சுற்றி நடந்துவிட்டு வந்தவர்கள் நடைமேடை முழுக்கத் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார்கள். நான் போவேன். ஊருக்குப் போக அல்ல, யாரையும் அழைத்துவரவும் அல்ல. ரயில் பார்க்க.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை. விடுமுறை நாளில் மற்ற பெண்கள் துணிக்கடைக்குப் போனால் நான் கேமரா நல்லதாக உள்ள போனை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறேன். என் கணவர் பைக்கில் கூட்டிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அவருக்கு எல்லா எஞ்சினும் ஒன்றுதான்.

இந்தப் பைத்தியம் பிடித்ததே ஒரு பயத்தில்தான். நான் பிறந்த கீழ்பென்னாத்தூரில் ரயில் கிடையாது. ஏழு வயதில் அப்பா என்னை இங்கே கூட்டிவந்தபோது, குறுகலான மீட்டர் கேஜ் தண்டவாளத்தில் ஒரு நீராவி எஞ்சின் நின்றுகொண்டிருந்தது. நான் பக்கத்தில் போன நேரம் பார்த்து அது அடியிலிருந்து புஸ்ஸென்று ஆவியை விட்டது. நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள், "அப்பா, மறுபடியும் போலாமா?" என்று கேட்டேனாம். அந்தப் பயம் எனக்கு வேண்டியிருந்தது. காது அடைத்து, பெரிய ஒன்று கடந்து போனபின் உயிரோடு நிற்கிற அந்த நிமிடம்.

போன வருடம் ஒரு பௌர்ணமிக்கு மறுநாள், ரயில் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. இரண்டு எஞ்சின்களை முதுகோடு முதுகு ஒட்டியது போல இருக்கும் புது மின்சார சரக்கு எஞ்சின் ஒன்று எங்கள் பாதையில் வருகிறது. நான் அதை நேரில் பார்த்ததில்லை. காலை எட்டரைக்கே இரண்டாம் நடைமேடையின் நடுவில் இடம் பிடித்துவிட்டேன்.

அந்த நடைமேடைக்கு வர மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். விடிய விடிய நடந்து வீங்கின காலோடு யார் படி ஏறுவார்கள்? முதல் நடைமேடையிலிருந்து குதித்து, தண்டவாளத்தைத் தாண்டி, இந்தப் பக்கம் கைகொடுக்கச் சொல்லி ஏறிக்கொண்டிருந்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் விசில் ஊதினார். அவர் திரும்பியதும் அடுத்தவர் குதித்தார்.

சரக்கு வண்டி நிற்காமல் போகும், தள்ளி நில்லுங்கள் என்று ஒலிபெருக்கி சொன்னது. தெற்கே வளைவில் வெளிச்சம் தெரிந்தது. போனைத் தூக்கிப் பிடித்தேன்.

டீசல் எஞ்சின் தூரத்திலேயே சொல்லிவிட்டு வரும். மின்சார எஞ்சின் அப்படியில்லை. கிட்டே வந்தபிறகுதான் தரை நடுங்கும்.

அப்போது ஒரு அம்மா தண்டவாளத்தில் இறங்கினார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மஞ்சள் புடவை, தோளில் துணிப்பை. முதல் தண்டவாளத்தைத் தாண்டி, வண்டி வருகிற தண்டவாளத்தையும் தாண்டி, எனக்குப் பத்துப் பதினைந்து அடி தள்ளி நடைமேடை விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றினார். ஏற முடியவில்லை. ஒருமுறை எம்பினார், சறுக்கினார். மறுமுறை எம்பினார்.

ஹாரன் விடாமல் அலறத் தொடங்கியது. "அம்மா! வண்டி! வண்டி!" என்று நான் கத்தினேன். தொண்டை கிழிகிற மாதிரி கத்தினேன். டீ விற்கிறவர் கேனைக் கீழே போட்டுவிட்டு நடைமேடையில் குப்புற விழுந்து அவர் கையைப் பிடித்தார். என் கணவர் பேப்பரை வீசிவிட்டு ஓடி இன்னொரு கையைப் பிடித்தார். புடவை கிழிகிற சத்தம் கேட்டது. அந்த அம்மாவின் பாதங்கள் மேலே வந்ததும், அவை இருந்த இடத்தை எஞ்சின் எடுத்துக்கொண்டது.

அதன்பின் வேகன்கள், வேகன்கள், வேகன்கள். முடியவே முடியாது போலிருந்தது. மூன்று பேரும் தரையோடு தரையாகக் கிடந்தார்கள். யார் மேல் ரத்தம் என்று எனக்குத் தெரியவில்லை. என் கணவரின் முழங்கையிலிருந்து வந்தது அது.

வண்டி போனதும் அந்த அம்மா எழுந்து உட்கார்ந்தார். அழவில்லை. "எம் பை எங்க?" என்று கேட்டார். பை கீழே நசுங்கிக் கிடந்தது. கல்லெல்லாம் குங்குமம். டீக்காரர் மூச்சு வாங்கினபடியே, "பையா முக்கியம்? உன் காலு இருக்கான்னு பாரும்மா!" என்றார். அந்த அம்மா குனிந்து பாதங்களைத் தொட்டுப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உடம்பு உதறத் தொடங்கியது. நான் தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்தேன். மூடியைப் பிடிக்க முடியாத அளவுக்கு என் விரல்கள் ஆடின.

மதியம் வீட்டில், கணவரின் முழங்கைக்கு மருந்து போட்டுவிட்டு, போனை எடுத்தேன். வீடியோ ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. போட்டுப் பார்த்தோம்.

என் குரல் அதில் இல்லை.

ஹாரன் கேட்டது. கூட்டம் கத்தியது கேட்டது. போனைப் பிடித்திருந்த எனக்குத்தான் எல்லாரையும்விட மைக் பக்கம். மூச்சு மட்டும் கேட்டது. கத்தினேன் என்று கோயிலில் கற்பூரம் அணைத்துச் சொல்லியிருப்பேன். நான் கத்தவில்லை.

அது மட்டுமில்லை. அந்த அம்மா படத்தின் ஓரத்தில் தெரிகிறார். ஒருமுறை எம்புகிறார். உடனே படம் பெரிதாகிறது. அவர் வெளியே போய்விடுகிறார். எஞ்சின் மட்டும் நடுவில் அழகாக நிற்கிறது. அப்படிப் பெரிதாக்கியது என் விரல்.

"பயத்துல குரல் அடைச்சிக்கிச்சு. எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றார் கணவர்.

"குரல் அடைக்கும்ங்க. கை நடுங்கணும் இல்ல? பாருங்க, ஒரு ஆட்டம்கூட இல்ல."

 அவர் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். குழுவிலிருந்து செய்தி வந்துகொண்டே இருந்தது: மேடம், வண்டி வந்துச்சா? வீடியோ போடுங்க. வீடியோவை அழித்தேன். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொய் எழுதினேன்.

அன்றிலிருந்து வேறு மாதிரி பயம் வந்தது. ஸ்டேஷனுக்குப் போவதை நிறுத்தினேன். இத்தனை வருடம் ரயிலைப் பார்த்துப் பயந்தேன், அது இனிப்பான பயம். இப்போது என்னைப் பார்த்துப் பயந்தேன். அடுப்பில் பால் வைத்திருக்கும்போது ஹாரன் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். என் மகள் சாலையைக் கடந்தால், ஒருவேளை நான் சும்மா பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேனோ என்று தோன்றும். அவள் கையை இறுக்கிப் பிடிப்பேன். "வலிக்குதும்மா" என்பாள்.

மூன்று மாதம் கழித்துச் சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். "ஓடாத ரயிலாவது பாரேன்" என்று கணவர் பழைய எஞ்சின்களை வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார். மரத்தடியில் மீட்டர் கேஜ் நீராவி எஞ்சின் ஒன்று கறுப்புப் பெயின்ட் பூசிக்கொண்டு நின்றது. அதன் முன்னால் தண்டவாளத்தைத் தாண்டினால் அந்தப் பக்கம் போகலாம். எல்லாரும் தாண்டினார்கள். நான் காலைத் தூக்கினேன், வைக்க முடியவில்லை. அங்கே பெருக்கிக்கொண்டிருந்த அம்மா சிரித்தார். "அது ஓடாதுங்க. உள்ள ஒண்ணுமே இல்ல, குருவி கூடு கட்டியிருக்குது."

"தெரியும்" என்றேன். சுற்றிக்கொண்டு போனேன்.

மறுபடி ஸ்டேஷனுக்குப் போனது பங்குனிப் பௌர்ணமிக்கு மறுநாள். கணவர் வற்புறுத்தவில்லை. நானாகத்தான் கேட்டேன். போன் பையிலேயே இருந்தது. டீக்காரர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், டீயை நீட்டினார். அவர் அந்த வீடியோவைப் பார்த்ததில்லை.

வண்டி வரும் நேரம் ஒருவர் வெற்றிலை துப்ப விளிம்பில் குனிந்தார். எஞ்சின் இன்னும் வளைவில்தான் இருந்தது. ஆபத்தே இல்லை. ஆனால் என் வயிற்றிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது. "யோவ்! பின்னால வா! வாய்யா பின்னால!"

நடைமேடையே திரும்பிப் பார்த்தது. அந்த ஆள் வெற்றிலையை விழுங்கிவிட்டு, "இன்னாம்மா, புத்தி கித்தி கெட்டுப்போச்சா? வண்டி எங்கயோ இருக்குது!" என்று சீறினார்.

"மன்னிச்சிக்கங்க" என்றேன். கணவரின் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவர் பேப்பரை மடித்து எனக்கு இடம் விட்டார். வண்டி வந்து நின்றது. ஜனங்கள் முண்டியடித்து ஏறினார்கள். எந்த எஞ்சின் என்று நான் பார்க்கவில்லை. கடைசிப் பெட்டி நகர்கிற வரைக்கும் விளிம்பில் நின்ற கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.