இரண்டு பேருக்குத் தெரிந்தவன்

ஊரைவிட்டுப் போகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டு ஊரிலேயே உட்கார்ந்திருப்பதுதான் என் தொழில். திருவாரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், எஸ்டிடி பூத், ஜெராக்ஸ், டிராவல்ஸ் மூன்றும் ஒரே கதவுக்குள் இருக்கும் கடை. முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். நான் அரசியல் அறிவியல் பட்டதாரி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள். அடுத்தவர் பெட்டி கட்டுவதைப் பார்த்து வயிறு எரிந்த அனுபவம் உள்ள அன்பர்கள் மேலே படிக்கலாம்.

என் வயிறு எரிவதற்குக் காரணம் இருந்தது. பாயின் மச்சான் துபாயில் ஒரு கிடங்கில் எனக்கு எழுத்தர் வேலை பார்த்து வைத்திருந்தார். ஒரே நிபந்தனை, நான்கு மாதத்துக்குள் கையில் பாஸ்போர்ட் இருக்க வேண்டும்.

பத்து மார்க் கேள்வி

செந்தில் கல்லூரியில் எனக்குப் பக்கத்து இருக்கை. 'குடிமகன் யார்? அவனுக்குரிய உரிமைகள் யாவை?' என்ற பத்து மார்க் கேள்விக்கு என் நோட்டைத்தான் படித்தான். அப்படியும் இரண்டு பேப்பர் அரியர். ஒரு நாள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தான். சித்தப்பா சிங்கப்பூரில் வேலை வாங்கிவிட்டாராம். "நோட்டுல எவ்ளோ உரிமை எழுதிக் குடுத்த. இந்தப் படிவத்தப் பத்தி ஒரு வரி எழுதலியேடா" என்று சிரித்தான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவன் படிவத்தைக் கட்டுக்கு அடியில் வைத்தேன். புதிதாக வந்ததையெல்லாம் அதன் மேல் அடுக்கினேன். நான்காம் நாள் பாய் கட்டைப் புரட்டிப் பார்த்தார். திட்டவில்லை. அடியில் இருந்ததை உருவி என் முன்னால் வைத்து, "நீ இத எத்தன நாளு அமுக்கி வச்சாலும் அவன் எடத்துல உன்ன ஏத்தமாட்டாங்க தம்பி" என்றார்.

எல்லோரையும் அறிந்தவர்

பாஸ்போர்ட் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. விண்ணப்பிக்கிறவரை நன்றாகத் தெரிந்த இரண்டு பேரின் பெயரும் முகவரியும் அதில் எழுத வேண்டும். போலீஸ்காரர் அவர்களிடம் போய் விசாரிப்பார். கீழ்வேளூர்ப் பக்கத்திலிருந்து வயல்வேலையை விட்டுவிட்டு வருகிறவர்கள் எல்லாக் கட்டத்தையும் தாண்டி இங்கே வந்து திகைத்து நிற்பார்கள். அதற்காகக் கடையில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், அரிசி மில்காரர் ஒருவர். யார் வந்தாலும் இந்த இருவர் பெயர்தான். இரண்டு பேரும் பாய்க்கு வேண்டியவர்கள், எப்போதும் வீட்டில் இருப்பார்கள். எனக்கு உள்ளுக்குள் பயம்தான். "எல்லாக் கடையிலயும் இதான் நடக்குது" என்பார் பாய்.

ஒரு காலை தலைமையாசிரியரே குடையோடு வந்து நின்றார். வழக்கம் அன்றோடு முடிந்தது. இனி அவரவர் தெருவிலேயே, சொந்த வீடுள்ள இரண்டு பேரைத்தான் எழுத வேண்டும் என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்களாம். கோபமில்லாமல்தான் பேசினார்: "நேத்து ஒருத்தரப் பத்தி எங்கிட்ட விசாரிச்சாங்களே, அவரு என்னைவிட நாலு வயசு மூத்தவரு. அவரையும் நான் சின்னப் புள்ளையிலேர்ந்து தெரியும்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

மை

தேர்தல் முடிந்த மறுநாள் காதர் அண்ணன் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வந்தார். குவைத்தில் இருபத்திரண்டு வருடம். சட்டையிலிருந்து வந்த அத்தர் வாசனை ஜெராக்ஸ் மெஷின் வரை போயிற்று. மணிக்கட்டில் தங்க நிற வாட்ச். நான் படிவத்தில் பாதியும் வாட்ச்சில் பாதியுமாக எழுதிக்கொண்டிருந்தேன். அவரோ என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டுப் போட்டியா தம்பி?"

"போட்டேண்ணே. நீங்க?"

"அங்க வருஷா வருஷம் இருந்துக்கலாமான்னு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். இங்க வந்தா, ஊர்ல இல்லாத ஆளுன்னு ஓட்டர் லிஸ்ட்லேர்ந்து பேர அடிச்சிட்டாங்க. அந்த விரலக் கொஞ்சம் காட்டு, பாத்துக்கறேன்."

எழுதிக் கொடுக்கும் அளவுக்கு

கடைசியில் என் படிவத்தை எடுத்தேன். எங்கள் வீடு வடிகால் வாய்க்கால் கரையில், புறம்போக்கில் இருக்கிறது. முப்பது வீடு, ஒன்றுக்கும் பட்டா இல்லை. சொந்த வீடுள்ள இரண்டு பேருக்கு நான் எங்கே போவேன்? பத்து மார்க்குக்கு நான் எழுதிய பதிலில் இந்தக் கட்டம் வரவே இல்லை.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நான்கு வேலி நிலமும் மாடி வீடும் உள்ள ஒருவர் இருந்தார். அம்மா அவர் வயலில்தான் வருடா வருடம் நடவு நடுகிறாள். அறுவடை விடுமுறையில் நானே அவர் களத்தில் மூட்டை தைத்திருக்கிறேன். அவர் மகன் அமெரிக்கா போன படிவமும் நான் நிரப்பியதுதான். உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார். படிவத்தை இரண்டு முறை படித்துவிட்டு மடித்துக் கையில் கொடுத்தார். "உன்னத் தெரியும்ப்பா. ஆனா தெரியும்னு எழுதிக் குடுக்கற அளவுக்குத் தெரியாதே."

விசாரணை

பக்கத்து வீட்டு வசந்தா அக்கா பெயரையும், எதிர் வீட்டு பக்கிரிசாமி பெரியப்பா பெயரையும் எழுதி அனுப்பிவிட்டேன். அக்கா அம்மாவோடு நடவுக்குப் போகிறவள். பெரியப்பா மோட்டார் கொட்டகைக் காவல். இரண்டு மாதம் கழித்துப் போலீஸ்காரர் சைக்கிளில் கரைக்கு வந்தார். "பட்டா இருக்கா? வீட்டு வரி ரசீது?" என்று கேட்டார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். அப்போதுதான் காதர் அண்ணன் என் விரலைப் பார்த்தது ஞாபகம் வந்தது. "சார், இவங்க பேரு வாக்காளர் பட்டியல்ல இருக்கு. எல்லாத் தேர்தல்லயும் ஓட்டுப் போட்டவங்க" என்றேன். அவர் பட்டியலைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். பிறகு இருவரிடமும் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார்.

பாஸ்போர்ட் ஐந்தாவது மாதம் வந்தது. கிடங்கு வேலை அதற்குள் சீர்காழிப் பையன் ஒருவனுக்குப் போய்விட்டது. அவன் படிவமும் என் கையெழுத்தில்தான் இருந்தது. "விடு, வேற ஒண்ணு வரும்" என்றார் பாய்.

அன்று சாயங்காலம் வசந்தா அக்கா பாஸ்போர்ட்டை வாங்கி, நடவுச் சேறு படாமல் விரல் நுனியால் பிரித்து என் போட்டோவைப் பார்த்தாள். அவள் மகன் பத்தாவது முடித்திருக்கிறான். "நாங்க ரெண்டு பேரும் உன்னத் தெரியும்னு சொல்லிட்டோம். நாளைக்கு எம்புள்ள படிவத்துல தெரியும்னு எழுதறதுக்கு நீ இங்க இருப்பியா, போயிடுவியா?"

பாஸ்போர்ட் இப்போது கடை மேசை இழுப்பறையில் கிடக்கிறது. சாட்சிக்கு ஒருவரும் தேடாததால் திரும்பிப் பார்க்காமல் பெட்டி கட்டுகிற ஆசாமிகளைப் பார்த்துத்தான் இப்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.