ட்ரெய்லரிடம் பேசியவன்

எனக்கு அவனைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் நான் மனம் திருந்தி அவனைக் கட்டிப்பிடித்து அழுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

ஷார்ஜாவில் ஒரு அரபி வீட்டில் நான் டிரைவர். அவன் அதே வீட்டின் படகுக்காரன். நான் பெரம்பலூர்ப் பக்கம். கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரோடு பழக்கமில்லாதவன். அவன் ராமநாதபுரம் கடற்கரை. இரண்டு பேருக்கும் விசா கொடுத்த கஃபீல் ஒருவரே. இரண்டு பேருக்கும் வீட்டுக்குப் பின்னால் ஒரே அறை, ஒரே ஏசி, ஒரே அடுப்பு. மூன்றாவதாக ஒரு ஆள் இருந்திருந்தால் நடுவில் மூச்சு விட இடம் கிடைத்திருக்கும். இல்லை.

சண்டை கருவாட்டில் ஆரம்பித்தது. புரட்டாசி மாதம் முழுவதும் நான் கவிச்சி தொடமாட்டேன். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை டூட்டி முடிந்து வந்தால், என் தோசைக்கல்லில் கருவாடு சுட்டுக்கொண்டிருக்கிறான். கேட்டதற்கு, "ஏன், கல்லுல ஒங்க பேர எழுதி ஒட்டியிருக்கியளோ?" என்றான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். கல்லைக் கருவாட்டோடு தூக்கி வாசலில் வீசினேன். அவன் மனைவி ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய கருவாடு அது. மணலில் கிடந்ததைப் பூனை இழுத்துக்கொண்டு போவதை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. அதன் பிறகு இன்னொரு புரட்டாசியும் வந்துபோனது.

பேச்சு நின்றுவிட்டால் நம் ஆட்கள் வாயை மூடிக்கொண்டா இருக்கிறார்கள்? சுவரிடம் பேசுவார்கள், கதவிடம் பேசுவார்கள். "லைட்ட யாராச்சும் அமத்துனா கண்ணு மூடலாம்" என்று அவன் ஏசியைப் பார்த்துச் சொல்வான். "குளிக்கப் போனா சீக்கிரம் வரணும்ங்கிற புத்தி வேணும்" என்று நான் வாளியிடம் சொல்வேன். அறைக்குள் இப்படிக் காலம் தள்ளலாம். படகு இறக்கும் இடத்தில் முடியாது. நாங்கள் அங்கேயும் அதையேதான் செய்தோம்.

வெள்ளிக்கிழமை மற்ற வீட்டு டிரைவர்கள் எல்லாம் ரோலா கடைத்தெருவுக்குப் போய் ஊர்க்காரர்களைப் பார்த்து, பிரியாணி தின்று திரும்புவார்கள். எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் பெரிய டூட்டி. கஃபீலும் அவர் தம்பியும் மீன்பிடிக்கப் போவார்கள். படகை ட்ரெய்லரில் ஏற்றி, உம்முல் குவைன் காயல் வரை நான் இழுத்துக்கொண்டு போக வேண்டும். அங்கே பொது ராம்ப் ஒன்று உண்டு. தண்ணீருக்குள் இறங்கிப் போகும் கான்கிரீட் சரிவு, அவ்வளவுதான். அதில் வண்டியைப் பின்னால் எடுத்து ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் விட்டால் படகு மிதந்து கழன்றுகொள்ளும். சாயங்காலம் அதே மாதிரி ட்ரெய்லரை உள்ளே விட்டு, படகை அதன்மேல் ஏற்றி இழுத்து வர வேண்டும்.

சொல்ல எளிது. ட்ரெய்லர் மாட்டிய வண்டியைப் பின்னால் எடுக்கும்போது எல்லாம் தலைகீழ். ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தால் ட்ரெய்லர் இடது பக்கம் போகும். படகு உயரம் வேறு; கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. பின்னால் நின்று ஒருவன் சொன்னால்தான் உண்டு. பேசிக்கொண்டிருந்த காலத்தில் அவன் லாரி கிளீனர் மாதிரி கத்துவான்: "ஒடி ஒடி ஒடி, நேராக்கு, வரட்டும், வரட்டும், போதும்!" ஒரே மூச்சில் இறக்கிவிடுவோம்.

பேச்சு நின்ற பிறகு அவன் ட்ரெய்லரிடம் பேச ஆரம்பித்தான். அதன் சக்கரத்துக்கு மேல் இருக்கும் தகரத்தில் கையை வைத்துக்கொண்டு, "இது கொஞ்சம் இடப்பக்கம் வந்தா தேவல" என்பான். "இப்ப நேரா ஆயிருச்சுன்னா தேவல." "இது இங்கன நிண்டா தேவல." என் முகத்தைப் பார்க்கவே மாட்டான். நான் மட்டும் இளைத்தவனா? அவன் சொன்னதும் செய்தால் அவன் சொல்லிச் செய்த மாதிரி ஆகிவிடும். அதனால் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். பிறகு எனக்கே தோன்றியது போல ஸ்டியரிங்கைத் திருப்புவேன். அந்த இரண்டு எண்ணிக்கைதான் என் கௌரவம்.

பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கு எங்கள் கௌரவம் புரியுமா? ஜெட்ஸ்கி கொண்டுவந்த பையன்கள் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார்கள். ஒரு பாகிஸ்தான் பட்டாணி டிரைவர் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு, "யல்லா பாய், ஜல்தி கரோ!" என்று திட்டுவான். ஒரு வெள்ளைக்காரர் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே இருப்பார். அந்தத் தலையாட்டல்தான் எனக்கு அதிகம் எரிந்தது.

ஒருநாள் ட்ரெய்லர் ஓரத்துக் கம்பத்தில் உரசி, படகின் பக்கவாட்டில் முழ நீளத்துக்குக் கீறல் விழுந்தது. கஃபீல் கெட்ட மனிதர் இல்லை, கத்தவும் இல்லை. இருவரையும் பக்கத்தில் நிற்கவைத்து, இனி ஒரு அடி பட்டால் யார்மேல் தப்போ அவனுக்கு ஊருக்கு டிக்கெட், கலாஸ், அத்தோடு முடிந்தது என்றார். ஊரில் எனக்கு யாரும் மாலையோடு காத்திருக்கவில்லை. அவனாலும் போக முடியாது. ஊரில் அவன் கட்டும் வீடு ஜன்னல் உயரத்தில் நிற்கிறது. இன்னும் ஒரு விசா காலத்தை ஓட்டினால்தான் கூரை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், தினமும் என் கட்டிலிலிருந்து மூன்றடி தள்ளி உட்கார்ந்து மனைவியிடம் அதைத்தான் போனில் பேசுவான். அந்த வீட்டின் வாசல்படி எந்தப் பக்கம் என்பதுகூட எனக்குத் தெரியும்.

சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, மீன்பிடித்துவிட்டு அவர்கள் கரைக்குத் திரும்பும்போது தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. காற்றும் கிளம்பியிருந்தது. தண்ணீர் வற்றினால் ட்ரெய்லரை ராம்ப்பின் அடிவரை கொண்டுபோக வேண்டும். அடியில் கான்கிரீட் திடீரென்று முடிந்து, அப்புறம் பள்ளம். முடிகிற இடம் மேலிருந்து தெரியாது. படகுக்காரன் இடுப்பளவு தண்ணீரில் நின்று காலால் தடவி வைத்திருந்தான்.

கஃபீலும் தம்பியும் இறங்கி மேலே நின்றார்கள். படகின் மூக்கு ட்ரெய்லரில் ஏறிவிட்டது, படகை இழுத்துக் கட்டும் வாரின் கொக்கியும் மாட்டியாகிவிட்டது. பின்பக்கம் மட்டும் சரியாக உட்காரவில்லை. "இது இன்னும் ஒரு அடி வந்தா தேவல" என்றான் ட்ரெய்லரிடம். ஒன்று, இரண்டு. பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். ஆட்டோமேட்டிக் வண்டி, ரிவர்ஸ் போட்டால் தானாக நகரும். பிரேக்கை மிதிப்பது மட்டும்தான் என் வேலை.

"நிண்டா தேவல" என்றான்.

ஜன்னல் திறந்திருந்தது. எனக்குக் கேட்டது. ஒன்று.

"நிண்டா தேவல, நிண்டா தேவல!" குரல் ஏறிவிட்டது. அப்போதும் அவன் பார்வை ட்ரெய்லர்மேல்தான். என்னைப் பார்த்து ஒரு தரம், ஒரே ஒரு தரம், நிறுத்துடா என்று சொல்லட்டுமே என்று நினைத்தேன். இரண்டு. வழக்கமாக இரண்டோடு நிறுத்துபவன், அன்று மூன்று வரை எண்ணினேன்.

ட்ரெய்லரின் சக்கரங்கள் பள்ளத்தில் விழுந்த சத்தம் இடுப்பு எலும்பில் கேட்டது. ட்ரெய்லர் ஒருபக்கமாகச் சாய்ந்தது. படகு அதன் இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்து, அடிப்பக்கம் நீளமாகக் கிழிந்தது. படகுக்காரன் எப்படியோ துள்ளி விலகினான். ஒரு சாண் தவறியிருந்தால் அவன் கால் அடியில் மாட்டியிருக்கும். ஆனால் முதலில் மனதில் வந்தது அவன் கால் அல்ல, என் டிக்கெட். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அந்தப் பட்டாணி டிரைவர்தான் தன் வண்டியில் கயிறு கட்டி எங்களை மேலே இழுத்தான். திட்டிக்கொண்டேதான் இழுத்தான். எல்லாம் மேலே வந்த பிறகு கஃபீல் கிழிசலைத் தடவிப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து, "கிஸ்கா கல்தி?" என்றார். யார் தப்பு?

நான் முந்திக்கொண்டேன். நிறுத்து என்று இவன் என்னிடம் சொல்லவில்லை என்று என் உடைந்த இந்தியில் சொன்னேன்.

கஃபீல் அவன் பக்கம் திரும்பினார். நிறுத்தச் சொன்னாயா, இல்லையா? அவன் உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொன்னேன் என்று ஒரு வார்த்தை போதும். மூன்று தடவை சொன்னவன் அவன். அந்த ராம்ப்பில் நின்ற அத்தனை பேரிலும் தமிழ் தெரிந்த சாட்சி நான் ஒருவன்தான். இருந்தாலும் கத்தியது எல்லோர் காதிலும் விழுந்திருக்கும். அவன் மட்டும் சொன்னால் என் கதை அன்றே முடிந்தது. அவன் கஃபீலைப் பார்த்தான், ட்ரெய்லரைப் பார்த்தான். என் பக்கம் கண் வரவில்லை.

"மைனே இஸ்கோ குச் நஹி போலா" என்றான். இவனிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

சொன்னேன் என்றால் என்னிடம் பேசியதாக ஆகிவிடும். அதற்குப் பதில் டிக்கெட்டே மேல் என்று முடிவு செய்துவிட்டான். அட வீம்பு பிடித்தவனே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. உண்மையைச் சொல்லி என்னை மாட்டிவிட்டிருந்தால்கூட இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. நானாவது உண்மையைச் சொன்னேனா? இல்லை. வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் அவனுக்கு மத்தியான விமானம். வீட்டுக்கு டிரைவர் நான் ஒருவன். விமான நிலையத்தில் கொண்டுபோய் விட வேண்டியதும் நான்தான். முன்சீட்டில் உட்கார்ந்தான். மடியில் ஒரு பை, பின்னால் ஒரு பெட்டி. வழி முழுக்க ரேடியோகூடப் போடவில்லை. சொல்ல வேண்டியதை மனதுக்குள் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு சிக்னலிலும் அடுத்த சிக்னலில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

புறப்பாடு வாசல்கள் வர ஆரம்பித்தன. முதல் வாசல் தாண்டியது.

"இங்கன நிண்டா தேவல" என்றான், டாஷ்போர்டைப் பார்த்து.

அவன் வாய் மூடுவதற்குள் பிரேக்கை மிதித்துவிட்டேன். பெல்ட் அவனைப் பிடித்து இழுத்தது. பின்னால் வந்த டாக்சிக்காரன் ஹாரனை அமுக்கினான்.

அவன் பெல்ட்டைக் கழற்றினான். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவன், திரும்பி மறுபடியும் அந்த டாஷ்போர்டையே பார்த்தான்.

"காது கேக்கத்தான் செய்யிது" என்று அதனிடம் சொல்லிவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு போனான்.